போர்கில்டின் கிழமை

ஜனவரி 12, திங்கள்

நேற்றுப் பெய்த பனிக்கு மேல் இன்று மழை. வாசல் முழுக்க உறைந்து வழுக்குகிறது. கொம்யூன், அதாவது எங்கள் நகரசபை, ஆள் அனுப்பிப் பொடிக்கல் தூவியது. மனிதர் விழாமல் இருக்கத் தூவுகிற கல்தான். ஆனால் எல்லோருடைய சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு நேரே எங்கள் படிக்கட்டுக்கு வந்துவிடும். நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் அதிகம் கூட்டி அள்ளியது இந்தக் கல்லைத்தான்.

வேலையில் இன்று ஆள் குறைவு. முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் நானும் இன்னொருத்தியும் மட்டும். ஒரு அறையில் மணி அடித்தால் ஓட வேண்டும், அதற்குள் அடுத்தது. ஓடும்போது என்னை அறியாமல் "வாறன், வாறன்" என்று தமிழில் கத்துவது என் பழக்கம். கோடி அறைக் கிழவர் இப்போது மணியை அழுத்திவிட்டு அவரே "வாறன்" என்கிறார். அதற்கு அர்த்தம் 'உடனே ஆள் வேண்டும்' என்பது அவருடைய எண்ணம்.

வீட்டுக்கு வந்தால் அயலவர் கைபேசிக் குழுவில் தூரேயின் செய்தி. தூரே கீழ்வீட்டுக்காரன், இந்தக் கட்டடக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். "சிலர் படிகளைச் சரியாகக் கழுவுவதில்லை. எல்லோரும் தங்கள் முறையைச் செய்வோம்!" கடைசியில் ஒரு சிரித்த முகம். இவர், என் வீட்டுக்காரர், வாசித்துவிட்டு, "சிலர் எண்டால் ஆர் எண்டு உமக்குத் தெரியும்தானே" என்றார். தெரியாமல் என்ன.

நாங்கள் இருப்பது நான்கே வீடுள்ள கட்டடம். கீழே தூரே. நடுவில் ஹோதான், சோமாலியாக்காரி, இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள். மேல்மாடியில் எதிரெதிராக நாங்களும் போர்கில்டும். வாளியும் தும்புத்தடியும் வரைந்த ஒரு சின்னப் பலகை இருக்கிறது. அது யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்தக் கிழமை முழுப் படிக்கட்டையும் கழுவ வேண்டும். கழுவியபின் பலகையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். தூரே, ஹோதான், போர்கில்ட், நாங்கள், திரும்பவும் தூரே. இந்த நாட்டில் சட்டம் எழுதி வைக்காத இடத்திலெல்லாம் ஒரு பலகை தொங்கும்.

நாங்கள் குடிவந்த புதிதில் பலகை எங்கள் கதவில் தொங்கியபோது, அயலவர் தந்த வரவேற்புப் பரிசு என்று நினைத்து இவர் அதை உள்ளே கொண்டுவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மூன்று கிழமை கட்டடமே தேடியது. கடைசியில் போர்கில்ட் மணி அடித்தா. கதவு இடைவெளியால் எட்டிப் பார்த்தா. உள்ளே வந்து, முருகனுக்குப் பக்கத்திலிருந்து பலகையைக் கழற்றி, வெளியே மாட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போனா. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு என் முறை ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

இந்தக் கிழமை போர்கில்டின் முறை.

ஜனவரி 17, சனி

போர்கில்ட் படி கழுவினா. கழுவினா என்று சொல்வதைவிட ஈரத்துணியைக் காட்டினா என்று சொல்லலாம். எண்பத்தாறு வயது, ஒரு கையில் ஊன்றுதடி. மூலையெல்லாம் கல். எங்கள் வாசலுக்கு முன்னால்தான் அதிகம்.

வருகிறவன் யாருடைய கல் என்று கேட்கவா போகிறான்? கறுத்த ஆட்கள் இருக்கிற மாடி அழுக்கு என்பான். அவ உள்ளே போனதும் நான் வாளியோடு வெளியே வந்தேன். பாதிதான் கழுவியிருப்பேன், கதவு திறந்தது.

"என்ன செய்யிறாய் தவா?" (நோர்வேஜிய மொழியில்தான். என் காதில் விழுவது இப்படித்தான்.)

"கொஞ்சம் கல் கிடந்தது, அதுதான்."

"இது என்ர கிழமை. நான் இன்னும் சாகேல்லை."

கதவைச் சாத்தினா. நான் பிறகும் துடைத்துக்கொண்டுதான் நின்றேன், தொடங்கியதை விட முடியாதே. அவ உள்ளே நின்று ஊன்றுதடியால் கதவில் டொக் டொக் என்று தட்டினா. நாயையோ பூனையையோ துரத்துகிற மாதிரி. எனக்கு முகம் எரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பலகை எங்கள் கதவுக்கு வந்துவிட்டது. ஆணி ஆடும் அளவுக்கு அடித்து மாட்டியிருக்கிறா.

ஜனவரி 25, ஞாயிறு

கழுவினேன். தூரே குழுவில் கட்டைவிரல் போட்டான். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஹோதான் ஒரு தட்டில் கேக்கோடு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவாள். இவருக்கு அது பிடிக்காது. "நாங்கள் வந்த காலத்தில மீன் ஃபக்டரியில நிண்டு கை விறைக்க வேலை செய்தனாங்கள். உவையளுக்கு வீடு, காசு, வகுப்பு எல்லாம் அரசாங்கம் குடுக்குது. பிறகும் ஊர்ப்பழக்கம் போகேல்லை" என்று டிவிக்குச் சொன்னார். முழங்கால் தேய்ந்ததிலிருந்து இவரும் அரசாங்கக் காசில்தான் சாப்பிடுகிறார். அதை நான் சொல்லவில்லை. கேக் நன்றாக இருந்தது. ஏலக்காய் போட்டிருந்தாள்.

நான் அவளுக்கு மெதுவாகச் சொன்னேன், இஞ்ச ஆட்கள் அப்படி வந்து தட்ட மாட்டார்கள், முதலில் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும் என்று. "ஏன்?" என்று கேட்டாள். ஏன் என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. "அப்பிடித்தான்" என்றேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

கடிதப் பெட்டியடியில் போர்கில்டைக் கண்டேன். வணக்கம் சொன்னேன். தலையை அசைத்தாவோ இல்லையோ தெரியாது. கையில் அவசர மணி இல்லை. விழுந்தால் அழுத்துவதற்குக் கொம்யூன் கொடுக்கிற மணி, கைக்கடிகாரம் மாதிரி. போன வருடம் கொடுத்தபோதே "இது கிழவியளுக்கு" என்று குளியலறைக் கொளுக்கியில் தொங்கவிட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். வேலைத்தலத்தில் என்றால் பிடித்துக் கட்டிவிட்டிருப்பேன். சொல்ல வாய் வந்தது. பிறகு அந்தத் தடிச்சத்தம் நினைவுக்கு வந்தது. எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

மகள் ஒஸ்லோவிலிருந்து ஃபோன் எடுத்தாள். படிக்கட்டுக் கதையைச் சொன்னேன். "அம்மா, நீங்கள் நோர்வேக்காரரைவிட நோர்வேக்காரியா இருக்கிறீங்கள்" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பாராட்டில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

இந்தக் கிழமை திரும்பவும் போர்கில்டின் முறை. திங்களிலிருந்து பார்க்கிறேன், பலகை தொங்குகிறது, படியில் துணி படவில்லை. இன்று மத்தியானம் வரை பொறுத்தேன். தூரே பிள்ளைகளோடு பனிச்சறுக்கால் வந்தான். படியைப் பார்த்தான், நிமிர்ந்து மேல்மாடியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததுதான் எனக்கு அதிகம் கேட்கும்.

சுடுநீரும் பச்சைச் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சத்தம் போடாமல்தான். வாளிப் பிடியைச்சுற்றித் துணி கட்டியிருந்தேன். அவ வாசலடியைத் துடைக்கும்போது உள்ளேயிருந்து டொக் என்று ஒரு தட்டு. கண்டுவிட்டா என்று நினைத்தேன்.

"மன்னிக்கோணும் போர்கில்ட். முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றேன்.

பிறகு திரும்பவும் டொக், டொக். இந்த முறை கதவின் அடிப்பக்கமாக, தரையை ஒட்டி. போன முறை மாதிரி உரமில்லை. கோபத்திலும் களைப்பு வரும்தானே வயதுபோனால். நான் மிச்சத்தை அவசரமாக முடித்தேன். கீழ்ப்படி வரை கழுவி, கடைசியில் மேலே வந்து, கயிறு உரசாமல் பலகையைக் கழற்றி எங்கள் கதவில் மாட்டினேன். நாளையிலிருந்து எங்கள் கிழமைதானே. யாருக்கும் பிரச்சினையில்லை.

படிக்கட்டு பளபளவென்று இருக்கிறது.

பெப்ரவரி 16, திங்கள்

எனக்கு ஓய்வு நாள். மத்தியானம் படியில் காலடி கேட்டுக் கதவுத் துவாரத்தால் பார்த்தேன். தூரே. காதில் கைபேசி. மேல்மாடி வரை வந்து படியைப் பார்த்தான். எங்கள் கதவில் தொங்குகிற பலகையை விரலால் தொட்டான். சிரித்துக்கொண்டு "எல்லாம் சரி, எல்லாம் கழுவியிருக்கு" என்று கைபேசிக்குச் சொல்லியபடி இறங்கிப் போனான். யாரிடமோ எங்கள் மாடியைப் பற்றி நல்லது சொல்கிறான். மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பின்னேரம் இவர் டிவியைக் குறைத்துவிட்டு, "இஞ்சரும், முன்வீட்டில தட்டிற சத்தம் கேக்குதோ?" என்றார்.

"என்னோட கோபம் அவவுக்கு" என்றேன்.

"இவ்வளவு நேரமோ?"

"உங்களுக்கு அவவைத் தெரியாது."

பெப்ரவரி 17, செவ்வாய்

வேலையால் வரும்போது ஹோதான் படியில் மறித்தாள். "மேல இருக்கிற அம்மாவைக் காணேல்லை. கடைக்கும் வரேல்லை. ஒருக்காப் போய்த் தட்டிப் பாப்பமா?" என்றாள். நான் சொன்னேன், வேண்டாம், அவவுக்கு அது பிடிக்காது, ஏற்கெனவே என்மேல் கோபமாக இருக்கிறா, வீட்டுக்குள்தான் இருக்கிறா, நேற்றும் தட்டின சத்தம் கேட்டது என்று.

"தட்டினவவோ? எதுக்கு?"

"இஞ்ச ஆட்கள் தனிய இருக்கத்தான் விரும்புவினம் ஹோதான். மெல்ல மெல்ல உனக்கும் விளங்கும்."

அவள் மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டுப் போனாள். நான் சொன்னால் கேட்பாள். முன்னுக்கு வந்தவள் என்று என்னில் ஒரு மரியாதை.

பெப்ரவரி 18, புதன்

இன்று சத்தமில்லை. கோபம் ஆறிவிட்டது போல.

பெப்ரவரி 19, வியாழன்

சமாதானமாகப் போவோம் என்று உழுந்து வடை சுட்டேன். ஒரு காலத்தில் அவவுக்குப் பிடிக்கும். துளை ஏன் என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. தட்டாமல், ஒரு பையில் போட்டுக் கதவுப் பிடியில் தொங்கவிட்டேன். இப்படிச் செய்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

பெப்ரவரி 21, சனி

பை அப்படியே தொங்குகிறது. வைராக்கியக்காரி.

பெப்ரவரி 22, ஞாயிறு

கழுவினேன். பலகையைத் தூரேயிடம் மாட்டினேன். வடைப் பையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். தூரேயின் கண்ணில் பட்டால் இதற்கும் ஒரு செய்தி வரும்.

அவ வாசலடியைத் துடைக்கும்போது கையை நிறுத்திக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

போர்கில்ட் செத்துப்போனா.

கடிதப் பெட்டி நிரம்பிக் கடிதம் வெளியே வழிந்ததைக் கண்டு ஹோதான்தான் பொலிசுக்கு ஃபோன் எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. நான் வேலையால் வந்தபோது எங்கள் மாடி முழுக்கச் சப்பாத்துகள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே பார்க்கவில்லை. ஹோதான் படியில் இருந்து அழுதாள், தன் தாய் செத்த மாதிரி. தூரே சுவரோடு சாய்ந்து நின்றான்.

"வாசலுக்கு உள்பக்கம்தான் கிடந்திருக்கிறா. இடுப்பு முறிஞ்சிருக்கு. ஊன்றுதடி கையிலயே இருந்ததாம்" என்றான்.

எனக்கு இரவுச் சாப்பாடு சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

பெப்ரவரி 25, புதன்

பொலிஸ்காரப் பிள்ளை வந்தாள். சாந்தமான முகம். எங்கள் நால்வரையும் தூரே வீட்டில் இருத்திக் கேட்டாள். கடைசியாக அவ உயிரோடு இருந்தது எப்போது என்று தெரியுமா?

தூரே உடனே சொன்னான்: "பதினைஞ்சாந் திகதி, ஞாயிறு. அண்டைக்குப் படி கழுவினவ. பலகையையும் மாத்தினவ. அடுத்த நாள் மகன் ஐரிக் எனக்கு எடுத்தவன், அம்மா ஃபோன் எடுக்கிறா இல்லை, ஒருக்காப் பாருங்கோ எண்டு. நான் மேல போய்ப் பாத்தனான். எல்லாம் கழுவியிருந்தது. அம்மா சுகமா இருக்கிறா, உன்னைவிட உசாரா இருக்கிறா எண்டு சொன்னனான்." பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டான். "கதவை ஒருக்காத் தட்டியிருக்கலாம். அவவுக்குப் பிடிக்காதெண்டு விட்டிட்டன்."

பிள்ளை எழுதிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, முன்வீடுதானே, சத்தம் ஏதும் கேட்டதா என்றாள். இந்தக் கட்டடத்தில் எல்லாச் சத்தமும் கேட்கும் என்று சொன்னேன். அது உண்மை. ஹோதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை.

விழுந்த பிறகு எவ்வளவு நேரம் இருந்திருப்பா என்று தூரே கேட்டான். உடனே போகவில்லை, சில நாள் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். இந்த மனிதனுக்கு ஏன் எல்லாம் தெரிய வேண்டும்?

மார்ச் 1, ஞாயிறு

ஊர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. பேர் போடவில்லை. 'எல்லாம் இருக்கிற நாட்டில் ஒரு தனிமைச் சாவு' என்று தலைப்பு. அயலிலிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்திதான் கவனித்துத் தகவல் கொடுத்தாள் என்று ஹோதானைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருந்தார்கள். கீழே ஆட்கள் கருத்துப் போட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து நாங்கள் படிக்க வேண்டும் என்று ஒருவர். படியில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காதவர்களெல்லாம் வந்து குடியிருந்தால் இப்படித்தான் என்று இன்னொருவர்.

இவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இஞ்சரும். அண்டைக்குப் படி கழுவினது ஆர்?"

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒருத்தரிட்டயும் வாய் திறவாதையும். ஹோதான் நல்லது செய்தால் ஒருநாள் பேப்பரில வரும். நாங்கள் பிழை விட்டால் எங்கட சனம் முழுக்க அதை வருசக்கணக்காச் சுமக்கோணும்."

பயத்தில் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்தான் மனத்தில் நிற்கிறது. அவ தட்டியதை நாங்கள் கேட்டோம் என்று சொல்லவில்லை. பிழை என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

வேலையில் மணி அடிக்கிறது, எனக்குக் கால் எழும்பவில்லை. உடன் வேலை செய்பவள் ஓடினாள். கோடி அறைக் கிழவர் "வாறன், வாறன்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

மார்ச் 6, வெள்ளி

தேவாலயத்தில் இறுதிக் கிரியை. கறுத்த சேலைக்கு மேல் குளிர்கோட்டு. ஐரிக்கை முதன்முதலாகக் கண்டேன். என் வயது இருக்கும், தாயின் மூக்கு.

எழும்பிப் பேசினான். "அம்மா கடைசிக் கிழமையும் தன் முறையைத் தவறவிடவில்லை. படியைக் கழுவி, பலகையை மாற்றி வைத்துவிட்டு, களைத்துப்போய் உள்ளே வந்த இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். இந்த வயதில் அவ கழுவியிருக்கக் கூடாது. நான் ஆள் ஒழுங்கு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை" என்றான். பாதிரியாரும் அதையே எடுத்து, கடமை தெரிந்த ஒரு தலைமுறை என்றார். தூரே தேம்பினான். தான் அனுப்பிய செய்தியால்தான் கிழவி கஷ்டப்பட்டுக் கழுவினா என்று நினைக்கிறான் போல. சிரித்த முகம் போட்ட செய்தி.

என் வேலைக்கு ஒரு செத்த மனுசியைப் பாராட்டுகிறார்கள், என் பாவத்தை உயிரோடு இருக்கிற இரண்டு ஆண்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நான் மூன்றாம் வரிசை வாங்கில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

கோப்பி நேரத்தில் ஐரிக் என் கையைப் பிடித்து, "முன்வீட்டில நீங்கள் இருந்தது எனக்கு எப்பவும் ஒரு ஆறுதல்" என்றான்.

மார்ச் 8, ஞாயிறு

ஹோதானின் கிழமை முடிந்தது. அவள் வழக்கம் மாறாமல் பலகையை அடுத்த கதவில் மாட்டிவிட்டாள். போர்கில்டின் கதவில். தெரியாமல் மாட்டினாளா, தெரிந்து மாட்டினாளா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கழற்றலாம் என்று கை நீட்டினேன். முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

பலகை தொங்குகிறது. படியில் கல். இரண்டு முறை வாளியை எடுத்து வைத்தேன்.

சுவர்ப் பக்கமிருந்து சத்தம் வருகிறது. இவர் கேட்கவில்லை என்கிறார். வீடு காலி செய்ய ஐரிக் வந்திருக்கிறான், அலுமாரி நகர்த்துகிறான், அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். ஐரிக் மத்தியானமே வெளியே போய்விட்டான், சன்னலால் நானே கண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலையால் வந்து படி ஏறினால் மேல்மாடியில் ஐரிக் முழங்காலில் நின்று துடைக்கிறான். பக்கத்தில் ஒரு நீல வாளி.

"கதவில பலகை தொங்குது. அம்மாவின்ர கிழமையாம்" என்று சிரித்தான். கண் சிவந்திருந்தது. "அவவுக்காக நான் செய்யிறன். சரியாச் செய்யிறனோ பாருங்கோ."

சரியாகச் செய்யவில்லை. கல்லை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இந்த வாளியைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு" என்றான். "நத்தார் மர அலங்காரப் பெட்டியளுக்குப் பின்னால கிடந்தது. உள்ளுக்குச் சிலந்தி கூடு கட்டியிருக்கு. துணி பலகை மாதிரிக் காஞ்சு போச்சு. மூண்டு நாலு கிழமையில இப்பிடி ஆகுமோ?"

நான் கதவுத் திறப்பைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினேன். அவன் வாளியை இழுக்கத் திரும்பினான். கையிலிருந்த தும்புத்தடியின் முனை பின்னால் இருந்த கதவின் அடியில் இடித்தது.

டொக்.

"மன்னிக்கோணும், முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றேன்.

நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொன்னது. அதே சொல், அதே குரல், நோர்வேஜிய மொழியில்.

ஐரிக் நிமிர்ந்து பார்த்தான். "என்ன முடிஞ்சுது?"

ஈரப் படியிலேயே குந்திவிட்டேன். எல்லாம் சொன்னேன். பதினைந்தாம் திகதி கழுவியது நான் என்று. பலகையை மாற்றியது நான் என்று. தூரே கண்டது என் வேலை, அவன் தாயின் வேலையல்ல என்று. உள்ளேயிருந்து தட்டினா, என்னைத் துரத்துகிறா என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்டேன் என்று. அடுத்த நாளும் தட்டினா. ஹோதான் போய்ப் பார்ப்போம் என்றபோது வேண்டாம் என்று மறித்தது நான் என்று.

அவன் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். தண்ணீர் அவன் முழங்கையால் வடிந்தது.

"நீங்கள் முடிஞ்சுது எண்டு சொன்ன பிறகும் தட்டினவவோ?"

"ஓம்."

"எந்தப் பக்கத்தால?"

"கீழால. தரையோட."

கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் கையை வைத்தான்.

"அப்ப அவவுக்குத் தெரியும். ஆரோ வெளியில நிக்கினம் எண்டு தெரியும்" என்றான். அது ஆறுதலாகச் சொன்னதா, வேறு எதுவாகச் சொன்னதா என்று எனக்கு இப்போதும் தெரியாது. பிறகு, "என்னட்டயும் அம்மாவின்ர வீட்டுத் திறப்பு ஒண்டு இருந்தது. ரயிலும் ஓடினது" என்றான்.

என்னை ஏசவில்லை. மன்னிக்கவும் இல்லை. அடி என்றால் வாங்கியிருப்பேன். துணியைப் பிழிந்து கடைசிப் படி வரை துடைத்து முடித்தான். மேலே வந்து பலகையைத் தாயின் கதவிலிருந்து கழற்றி எங்கள் கதவில் மாட்டினான்.

"இனி உங்கட கிழமை" என்றான்.

உள்ளே வந்தேன். இவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. டிவியை நிறுத்திவிட்டு இருந்தார். "சொல்லிப்போட்டீரோ?" என்றார். பிறகு நான் எதிர்பாராமல், "நானும்தான் கேட்டனான். எழும்பிப் போகேல்லை" என்றார்.

மார்ச் 11, புதன்

பொலிஸ்காரப் பிள்ளைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். இது குற்றமில்லை, ஆனால் திகதியைத் திருத்தி எழுதுகிறேன் என்றாள். தகவலுக்கு நன்றி என்றாள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார்கள்.

தூரேயிடமும் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்கள் ஏன் கழுவினனீங்கள்?" என்றான். "உன்ர செய்தியில சிலர் எண்டு போட்டிருந்தாய்" என்றேன். "நான் ஹோதானையோ உங்களையோ சொல்லேல்லை. என்ர மகளைத்தான் சொன்னனான், எங்கட கிழமையில அவள்தான் கழுவுறவள்" என்றான். சிரிக்க வேண்டிய கதை. இருவரும் சிரிக்கவில்லை.

ஹோதானிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும், "உள்ளுக்கு வாங்கோ" என்றாள். முன்கூட்டிச் செய்தி அனுப்பாமல்தான் போயிருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

எங்கள் கிழமை முடிந்தது. தூரே வீட்டுக் கதவில் பலகையை மாட்டவில்லை. மணி அடித்து, அவன் வந்து திறக்கும் வரை நின்று, முகத்தைப் பார்த்துக் கையில் கொடுத்தேன். ஹோதானும் இனி அப்படித்தான் செய்வாளாம். தூரேக்கு விநோதமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

முன்வீடு காலி. சன்னலில் திரைச்சீலைகூட இல்லை. கோடை மாதத்தில் யாரோ ஒரு இளம் சோடி வாங்க வருகிறார்களாம் என்று தூரே சொன்னான்.

இன்று கழுவும்போது மேல் வாசலடிக்கு வந்ததும் துணியை வைத்துவிட்டேன். முழங்காலில் நின்று, குனிந்து, அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. காலி வீட்டில் என்ன இருக்கும்? எழும்பப் போனேன். எழும்ப முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது சொல்லாமல் எழும்பக் கூடாது என்று தோன்றியது.

"வாறன்" என்றேன். "வாறன், வாறன்."